இருபத்தெட்டு டிகிரிக் கொழுப்பு

ரமணிக்குக் கொழுப்பு அதிகம் என்று சொல்லாதவர்கள் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் குறைவு. வீட்டு முதலாளி சொல்லியிருக்கிறார். கோயில் கமிட்டிக்காரர்கள் தீர்மானம் போடாத குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அவளைப் பெண்பார்க்க வந்து பலகாரம் தின்றுவிட்டுப் போன மூன்று குடும்பங்களும் தனித்தனியாகச் சொல்லியிருக்கின்றன. நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு அது பழகிப்போய்விட்டது. ஏன் பழகாது? பத்தொன்பது வருஷமாக அவள் சாப்பிடும் சோறே கொழுப்பில் வருவதுதான்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்த தனியார் பரிசோதனைக்கூடத்தில், செடிகொடிகளுக்கு நோய் கொடுக்கும் பாக்டீரியாக்களை அவற்றின் கொழுப்பை வைத்து அடையாளம் காண்பதுதான் அவள் வேலை. ஒவ்வொரு பாக்டீரியாவும் தன் தோலில் பலவகைக் கொழுப்பு அமிலங்களைச் சேர்த்து வைத்திருக்கும். இது இத்தனை பங்கு, அது இத்தனை பங்கு என்று இனத்துக்கு இனம் அளவு மாறும். இலையிலிருந்து கிருமியை எடுத்துத் தட்டில் வளர்த்து, வழித்து, காரத்தில் வேகவைத்து, கொழுப்பை மட்டும் பிரித்து மிஷினில் ஏற்றினால் அரை மணி நேரத்தில் ஒரு தாள் வரும். தாளின் அடியில் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பொருத்தம் எவ்வளவு என்று ஓர் எண். ஒன்று என்றால் அச்சு அசல் அதே இனம். எண் குறையக் குறைய மிஷின் குத்துமதிப்பாக அடித்துவிடுகிறது என்று அர்த்தம்.

அந்தப் புதன்கிழமை மிஷின் துப்பிய தாளில் முதல் பெயர் எர்வினியா. பப்பாளி மரத்தின் குருத்தை அழுகவைத்துத் தோப்பையே சாய்க்கும் கிருமி. பொருத்தம் 0.41. ரமணிக்கு அது இடித்தது.

“நாப்பத்தொண்ணுதான் டாக்டர். பத்தாது. இன்னொரு தடவ வளத்துப் பாத்துடலாம்லா.”

பொறுப்பாளர் சிவநேசன் தாளை மேலோட்டமாகப் பார்த்தார். வெளிநாட்டில் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த ஊர் வெக்கையிலும் கோட்டைக் கழற்றமாட்டார்.

“முதல் பேரு அதுதானே? எழுதுங்க. எல அனுப்புன கம்பெனிக்காரன் இன்னைக்கே கேக்குறான்.”

ரமணி எழுதினாள். ‘பரிசோதித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாள். ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் சிவநேசன் ரப்பர் முத்திரையை ஒரு குத்துக் குத்தினார். அவர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு, இன்னும் பையைக்கூட இறக்கி வைக்காத நேரத்தில், போன் அடித்தது.

“கூடத்துல ரமணிங்கிறது யாரு? ரிப்போர்ட்ல பேரு போட்டிருக்கே.”

“நான்தான். நீங்க யாரு?”

“ருக்கையா பேசுறேன், பாலிக் புலாவ்லேருந்து. என் தோட்டத்து எலதான் ஒங்ககிட்ட வந்துச்சு.” குரலில் அழுகை இல்லை, எரிச்சல் இருந்தது. “சனிக்கெழம காலைல எட்டு மணிக்கு வெட்ட வர்றாங்களாம். அறுநூத்தி நாப்பது மரம். ஒண்ணு விடாம வெட்டி எரிக்கணுமாம். கன்னு குடுத்தது கம்பெனி, பழம் எடுக்கிறதும் கம்பெனி, சீக்கு வந்தா வெட்டுறதும் கம்பெனின்னு அக்ரிமெண்ட். காய் எல்லாம் நெறம் திரும்பி நிக்குதுக்கா. மொதக் காய் வெட்டு.”

“எத்தன மரம் சொணங்கி இருக்கு?”

“ஒம்பது. பள்ளத்துல நிக்கிற ஒம்பது மட்டும். போன மாசம் அடிச்ச மழையில தண்ணி நின்ன எடம். அதச் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க, ரிப்போர்ட் வந்துருச்சு ரிப்போர்ட் வந்துருச்சுங்கிறாங்க. நான் படிச்சவ இல்லக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்களாச்சும் நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்துட்டுக் கூப்புடுறேன்” என்று ரமணி போனை வைத்தாள். அவமானமாக இருந்தது. கொழுப்பெடுத்தவள் என்று ஊரே பெயர் வைத்தவள், நேற்று ஒரு சொல்லுக்கு அடங்கிப்போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். இந்தத் தடவை பெயரைப் பார்க்கவில்லை, கொழுப்பைப் பார்த்தாள். வளையக் கொழுப்பு என்று ஒரு வகை உண்டு. அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வழக்கமான அளவைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எந்த இனமாக இருந்தாலும் அது அப்படி ஏறுவதற்கு இரண்டே காரணம்தான் அவளுக்குத் தெரியும். ஒன்று, தட்டு கிழடுதட்டியிருக்க வேண்டும். தட்டு கிழடு இல்லை, சரியாக ஒரு நாள்தான் வளர்ந்தது. இன்னொன்று, சூடு.

தேங்காய் எண்ணெய் குளிரில் உறைவதும் வெயிலில் உருகுவதும் யாருக்கும் தெரியும். பாக்டீரியாவின் தோலும் எண்ணெய்தான். உறைந்தாலும் ஆபத்து, ஒரேயடியாக இளகினாலும் ஆபத்து. அதனால் இருக்கிற சூட்டுக்கு ஏற்ப அது தன் கொழுப்பை மாற்றிக்கொள்ளும். ஆகவேதான் இந்த முறையில் பரிசோதிக்கும் எல்லோருக்கும் ஒரே சட்டம்: ஒரே தீனி, ஒரே வயது, இருபத்தெட்டு டிகிரி. சூடு மாறினால் கொழுப்பு மாறும், கொழுப்பு மாறினால் பெயர் மாறும்.

பக்கத்து மேசையில் ரொஸ்னா பசியாறிக்கொண்டிருந்தாள். ஹோட்டல்களிலிருந்தும் பிறைப் பகுதியின் தொழிற்சாலை கேண்டீன்களிலிருந்தும் வரும் சாப்பாட்டுச் சாம்பிள்களைப் பரிசோதிப்பது அவள் பிரிவு. கூடத்தில் வரும்படி அங்கேதான். செடிப் பிரிவு சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது.

“ரொஸ்னா, என் இன்குபேட்டர யாராச்சும் தொட்டீங்களா?”

“நான்தான் தொட்டேன்” என்றாள் ரொஸ்னா, ரொட்டியை மென்றுகொண்டே. “எங்க பெட்டி திங்கட்கெழம ரோசாக் ஆகி ஓடாமப் போச்சுல்ல. ஒங்க பெட்டியையே ஷேர் பண்ணிக்கச் சொன்னாரு பாஸ். நாசி கண்டார் சோத்துக் கட சாம்பிளுக்கு முப்பத்தஞ்சு டிகிரி வேணும்லா, அதான் ஏத்தி வச்சேன். கதவுல பேப்பர் ஒட்டினேனே, நீங்க பாக்கலியா?”

ரமணி எழுந்துபோய் இன்குபேட்டருக்கு முன்னால் குனிந்தாள். ரொஸ்னா ஒட்டிய தாள் பசை இளகி மேசைக்கு அடியில் கிடந்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மேல்தட்டில் அலுமினியக் கிண்ணங்களில் மீன்தலைக் குழம்பும் வெண்டைக்காயும். கீழ்த்தட்டில் அவளுடைய பப்பாளிக் கிருமியின் மிச்சத் தட்டு. உள்ளே தொங்கிய வெப்பமானி முப்பத்தைந்து காட்டியது. செவ்வாய்க்கிழமை மதியம் தட்டை உள்ளே வைக்கும்போதும் அது முப்பத்தைந்துதான் காட்டியிருக்கும். அவள்தான் குனிந்து தட்டைக் கீழே தள்ளிவிட்டுப் போனாளே தவிர, மேலே எதையும் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷமாக இருபத்தெட்டில் நிற்கிற பெட்டியை யார் பார்ப்பார்கள்?

“அலாமாக்” என்றாள் ரொஸ்னா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. “என்னாச்சுக்கா?”

“ஒரு பொம்பளையோட தோப்பு நாசி கண்டார் சட்டியில வெந்துருச்சு.”

இதைத் தடுக்க ஒரு வழி இருந்தது. அதுவும் அவள் கையில்தான் இருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு தடவையும் தெரியாத கிருமிக்குப் பக்கத்தில் தெரிந்த கிருமி ஒன்றையும் ஒரு தட்டில் வளர்ப்பாள். அதன் கொழுப்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். அது பிசகினால் வேலையில் எங்கோ பிசகு. கூடத்தில் அதற்குச் சாட்சித் தட்டு என்று பெயர். மூன்று மாதத்துக்கு முன்னால் சிவநேசன் அதை நிறுத்தினார். மிஷினுக்குப் போகும் வாயு வீண், நேரம் வீண் என்றார். ரமணி ஒரு நாள் முணுமுணுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவள் வாழ்க்கையிலேயே கொழுப்பு குறைந்த நாள் அதுதான்.

இப்போது அவள் யோசிக்கவில்லை. குளிர்பெட்டியிலிருந்து பப்பாளிக் கிருமியின் மூலத்தை எடுத்துப் புதுத் தட்டில் இழுத்தாள். இன்னொரு தட்டில் சாட்சி. மீன்தலைக் குழம்பை வெளியே எடுத்தாள். அந்தச் சாம்பிளின் நேரம் எப்படியும் முடிந்திருந்தது. இன்குபேட்டரை இருபத்தெட்டுக்கு இறக்கி, வெப்பமானி இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு தட்டுகளை உள்ளே வைத்து, சூட்டைத் திருகும் குமிழ் மேல் டேப்பை நான்கு சுற்றுச் சுற்றி, அதன் மேல் பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘தொட்டால் கையை ஒடிப்பேன் – ரமணி.’

“மத்தியானம் புது சாம்பிள் வருதேக்கா” என்றாள் ரொஸ்னா.

“ஐஸ்பெட்டியில வை. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அது கெடாது. ஒனக்கே தெரியும்.”

“பாஸ் கேட்டா?”

“ரமணிக்குக் கொழுப்புன்னு சொல்லு. நம்புவாரு.”

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அவள் தட்டை வெளியே எடுத்தாள். வழித்தாள், வேகவைத்தாள், ஆறவைத்தாள், பிரித்தாள். அவசரப்படவில்லை. கோபம் வந்தால் ரமணிக்குக் கை நிதானமாகிவிடும். இரண்டரைக்கு முதல் தாள் வந்தது. சாட்சி சரியாக வந்து நின்றான், பொருத்தம் 0.89. மூன்று மணிக்கு இரண்டாவது தாள். வளையக் கொழுப்பு இறங்கியிருந்தது. முதல் பெயர் எர்வினியா இல்லை. அதன் பங்காளி ஒன்று, எந்த இலையிலும் சும்மா குடியிருந்துவிட்டுப் போகிற சாதுவான இனம். பொருத்தம் 0.78. எர்வினியா பட்டியலில் நாலாவதாகக் கிடந்தது.

இரண்டு தாள்களையும் புதன்கிழமைத் தாளையும் எடுத்துக்கொண்டு சிவநேசன் அறைக்குள் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சூடு, நாசி கண்டார், தான் வெப்பமானியைப் பார்க்காதது, எல்லாவற்றையும்.

சிவநேசன் மூன்று தாள்களையும் வாங்கி மேசையில் வைத்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

“யார் செலவுல இத ஓட்டினீங்க?”

“ரிப்போர்ட் தப்பு டாக்டர்.”

“ரிப்போர்ட் போயாச்சு. செவ்வாக்கெழம ஆடிட் வருது. இந்த நேரத்துல ஒரு ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கினா என்ன நெனைப்பாங்க? இந்தக் கூடத்துக்கு வேல தெரியலன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“தெரியலதானே. புதன்கெழம நமக்கு வேல தெரியல.”

“பாருங்க ரமணி, அந்தத் தோட்டத்துல சீக்கு இல்லன்னு ஒங்களால சத்தியம் பண்ண முடியுமா?”

“முடியாது. இந்தக் கிருமி அது இல்ல, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சீக்கு இருக்கா இல்லையான்னு தெரியணும்னா புதுசா எல எடுத்து ஒழுங்காப் பாக்கணும். நாம ஒழுங்காப் பாக்கல. அத எழுதிக் குடுங்கன்னுதான் கேக்குறேன். நாளைக்குக் காலைல அறுநூத்தி நாப்பது மரத்த வெட்டப் போறாங்க.”

“மரம் திரும்ப வளரும். பேரு கெட்டா வளராது.” மூன்று தாள்களையும் சேர்த்து அவள் பக்கம் தள்ளினார். “கிழிச்சுப் போட்டுடுங்க. நான் பாக்கல, நீங்க காட்டல.”

ரமணி தாள்களை எடுத்து ஒழுங்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அப்ப என் கையெழுத்த நான் திரும்ப எடுத்துக்கிறேன்.”

“என்னது?”

“ரிப்போர்ட்ல இருக்கிறது என் கையெழுத்து ஒண்ணுதான். அத வாபஸ் வாங்கிக்கிறேன். ஒங்க முத்திர அங்கேயே இருக்கட்டும்.”

சிவநேசனின் முகம் சிவந்தது. “ஒங்களுக்குக் கொழுப்பு ரொம்பக் கூடிப்போச்சு. கூடத்து லெட்டர்ஹெட்ல ஒரு எழுத்து எழுதக்கூடாது, சொல்லிட்டேன்.”

லெட்டர்ஹெட் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாமான் பட்டியல் எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். அழகு பார்க்காமல் எழுதினாள். ‘பாலிக் புலாவ் பப்பாளித் தோட்டத்துக்கு நான் கொடுத்த அறிக்கை தவறு. கிருமியை இருபத்தெட்டு டிகிரியில் வளர்க்காமல் முப்பத்தைந்தில் வளர்த்துவிட்டேன். வெப்பமானியைப் பார்க்காதது என் குற்றம். சாட்சித் தட்டு வைக்காததும் என் குற்றம். அந்த அறிக்கையில் உள்ள என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.’ அதையே மலாயிலும் எழுதி, கீழே அடையாளக் கார்டு எண்ணோடு கையெழுத்துப் போட்டாள். எழுதி முடித்ததும் பயம் வந்தது. வீட்டு வாடகை, அடுத்த வேலை, இந்த வயதில் யார் எடுப்பார்கள், எல்லாம் சேர்ந்து வந்தது. பயத்தோடேயே ருக்கையாவுக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொன்னாள்.

சனிக்கிழமை காலை பாயா தெருபோங் மலைவளைவில் லாரி ஒன்று பழுதாகி நின்றது. ரமணி ஓட்டிவந்த பழைய காடி அதன் பின்னால் இருபது நிமிஷம் நகரவில்லை. தோட்டத்தை அடைந்தபோது எட்டேகால். ரம்பத்தின் இரைச்சல் சாலைக்கே கேட்டது.

ஏழு மரம் விழுந்திருந்தது. காய்கள் நாலாபக்கமும் உருண்டு கிடந்தன, மண்ணெல்லாம் வெள்ளைப் பால். எட்டாவது மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். தலைத்துணி தோளில் நழுவியிருந்தது, கையில் பாராங் கத்தி. ரம்பக்காரன் அவளுக்கு எட்டடி தூரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

“நிறுத்துங்க!” என்று கத்திக்கொண்டே ரமணி சகதியில் இறங்கினாள். ஒரு செருப்பு அங்கேயே போயிற்று.

கம்பெனியின் ஏஜெண்ட் மோகனராஜ் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் பைல். “யாரும்மா நீங்க?”

“ரமணி. ஒங்க பைல்ல இருக்கிற ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டவ. அது தப்புண்ணே. இந்தாங்க.”

மோகனராஜ் நோட்டுத் தாளை இரண்டு தடவை படித்தார். மற்ற மூன்று தாள்களையும் அவள் காட்டினாள். ஒரே கிருமி, ரெண்டு சூடு, ரெண்டு பேரு என்று விரல் வைத்துச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

“தங்கச்சி, இதுல சாப், முத்திர ஒண்ணும் இல்லியே. நான் எப்படி இத நம்புறது? மேல இருக்கிறவன் என் கழுத்தப் புடிப்பான்லா.”

“டாக்டருக்குப் போன் போடுங்க. சத்தமா வைங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

போட்டார். சிவநேசனின் குரல் தூக்கக் கலக்கத்தில் வந்தது, விஷயம் தெரிந்ததும் தெளிந்தது. “அவ பேச்சக் கேக்காதீங்க மிஸ்டர் மோகனராஜ். அவளுக்குக் கொழுப்பு. ரிப்போர்ட் ரிப்போர்ட்தான். நீங்க வேலையப் பாருங்க.”

“சரிங்க டாக்டர். அப்ப ஒரு உதவி. இந்தம்மா எழுதினது பொய், ரிப்போர்ட் சரின்னு ரெண்டு வரி எழுதி, ஒங்க கையெழுத்துப் போட்டு, போன்லயே படம் எடுத்து அனுப்புங்க. நான் அஞ்சு நிமிஷம் நிக்கிறேன்.”

மறுபக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது.

“முத்திர இருக்கே, ரிப்போர்ட்ல” என்றார் சிவநேசன்.

“முத்திர இருக்குங்க. கையெழுத்துப் போட்டவங்க வாபஸ் வாங்கிட்டாங்களே. இப்ப யாருதான் பொறுப்பு, நீங்களா?”

“திங்கட்கெழம பேசலாம்” என்று சிவநேசன் வைத்துவிட்டார்.

மோகனராஜ் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “டேய், ரம்பத்த ஏத்துங்கடா வண்டியில.” ரமணியிடம் திரும்பினார். “நாளைக்குப் புது எல எடுத்து வேற கூடத்துக்கு அனுப்புவேன். அதுல அதே பேரு வந்தா?”

“நானே வந்து பாராங் புடிக்கிறேன். சரியான தாளக் கொண்டாங்க.”

லாரி போன பிறகுதான் ருக்கையா மரத்திலிருந்து முதுகை எடுத்தாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. விழுந்து கிடந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“ஏழு மரம்க்கா.”

“தெரியும். அந்த ஏழும் என் கணக்கு. நான் வெப்பமானியப் பாத்திருந்தா நின்னிருக்கும்.”

ருக்கையா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு காலில் செருப்பு, மறு காலில் சகதி. அவளுக்குக் கோபம் தீரவில்லை, ஆனாலும் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“அந்த ஆளு போன்ல என்ன சொன்னாரு ஒங்கள? கொழுப்பா?”

“ஆமா, கொழுப்புதான். இருபத்தெட்டு டிகிரில ஒழுங்கா வளந்த கொழுப்பு. எந்த மிஷின்ல வேணாலும் ஏத்திப் பாக்கட்டும்.”

கைப்பேசி அதிர்ந்தது. சிவநேசனிடமிருந்து ஒரே வரி: ‘திங்கட்கிழமை நீங்கள் வர வேண்டாம்.’

ரமணி விழுந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். விரலில் இருந்த பப்பாளிப் பாலைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பதில் அடித்தாள்: ‘எட்டரைக்கு வருவேன். சாட்சித் தட்டும் வைப்பேன்.’